பழகிய கையும் புதிய திரையும்

(பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது பழமொழி. ஆழம் பார்க்க ஒரு கோலாவது கையில் வேண்டுமல்லவா? எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். கணினியைப் பற்றி ஐயம் எழுந்தால் கேட்க வீட்டில் எவரும் இல்லை.

என்னிடம் இருப்பது பழைய மடிக்கணினி. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுப் பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டும் என் அண்ணன், கூலியில் மிச்சம் பிடித்து வாங்கித் தந்தது. அதிலிருந்த விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு மாறலாமென்றால், அது கேட்கும் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதி என் கணினியில் இல்லை. புதியது வாங்க வழியேது?

மூத்த மாணவர் ஒருவர் லினக்ஸுக்கு மாறச் சொன்னார். 1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தம் 21-ஆம் வயதில் வெளியிட்டது அது என்றறிந்து வியந்தேன். என்னைவிட ஒரு வயதே மூத்தவர்! விலையும் இல்லை. நிறுவுவதற்கு முன் பென்டிரைவிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். ஆழம் பார்க்கக் கோல் கிடைத்துவிட்டதென்று மகிழ்ந்து, ஓரிரவு விடுதி அறையில் லினக்ஸ் மின்ட்டை நிறுவினேன்.

அந்த மகிழ்ச்சி விடியும்வரைதான். 'டாக்குமென்ட்ஸ்' கோப்புறையை மட்டும் படியெடுத்த நான், முகப்புத் திரையில் வைத்திருந்த ஒளியியல் குறிப்புகளை மறந்துவிட்டேன். வன்தட்டை முழுதும் அழித்து நிறுவியதில், ஒரு பருவம் முழுதும் தட்டச்சு செய்தவை போயின. குற்றம் என்னுடையதே.

அன்று மாலை அண்ணன் தொலைபேசியில், "பொட்டி நல்லா ஓடுதா தம்பி?" என்றார். "ஓடுதுங்கண்ணா" என்றேன். தொண்டை அடைத்தது.

புதிய திரையில் சி டிரைவைத் தேடினேன், காணோம். அங்கே கோப்புறைகளெல்லாம் ஒரே வேரிலிருந்து கிளைக்கின்றன. பெயரின் முதலெழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்தானால் ஒரு கோப்பு, சிறிய எழுத்தானால் வேறொரு கோப்பு! வேர்டில் எழுதியதை லிப்ரே ஆபீஸில் திறந்தால் எழுத்துரு இன்றி வரிகள் இடம் மாறின. பழைய இடத்திற்கே போய்ப் போய்த் திரும்பியது கை.

ஒரு வாரம் கழித்து அண்ணனிடம் உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்தார். "நாடா இல்லாத் தறிக்கு மாறுன மொத வாரம் நானும் நூலை அறுத்துட்டேதான் இருந்தேன். போகப் போகக் கைக்குப் பழகிரும் தம்பி."

அந்தச் சொல்லே எனக்குக் கோலாயிற்று. ஆய்வக ரெக்கார்டையும் வகுப்பு நோட்டையும் வைத்துக்கொண்டு குறிப்புகளை மீண்டும் தட்டச்சு செய்தேன். முதல்முறை புரியாத குறுக்கீட்டு விளைவு இம்முறை புரிந்தது. தமிழ்வழியில் பயின்று வந்த நான், முதலாண்டில் ஆங்கில நூல்களைக் கண்டு மிரண்டதும் இப்படித்தானே? அதுவும் பழகிற்று.

நண்பர்களே, மாறுமுன் எல்லாவற்றையும் படியெடுத்து வையுங்கள். முகப்புத் திரையை மறவாதீர்கள். பிறகு துணிந்து மாறுங்கள். தமிழ்99 விசைப்பலகையையும் இப்போது அமைத்துவிட்டேன். பொங்கல் விடுமுறையில் அண்ணனை அருகில் அமர்த்தி, அவர் பெயரை அவரே தட்டச்சு செய்யக் கற்றுத்தர வேண்டும்.