ரப்பரைத் தேடும் கை

"எப்படிப் போட்டே?" என்று கேட்டவுடன் நம்மூர்ப் பிள்ளைகளின் கை முதலில் ரப்பரைத்தான் தேடும். விடை சரியா தப்பா என்பதெல்லாம் அப்புறம். டீச்சர் கேட்கிறார் என்றால் தப்பு. சரியாக இருந்தால் ஏன் கேட்கப்போகிறார், டிக் அடித்துவிட்டு அடுத்த நோட்டை எடுத்திருப்பாரே. வாய்ப்பாடு மனப்பாடம் ஆவதற்கு முன்பே இந்தப் பாடம் பிள்ளைகளுக்கு வந்துவிடுகிறது.

நான் இதை முதலில் பார்த்தது வகுப்பறையில் அல்ல, திண்டிவனம் பக்கத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில். ஆசிரியர் பயிற்சியில் இருந்தபோது அசர் கணக்கெடுப்புக்குப் போயிருந்தேன். பிள்ளைகளுக்குப் படிக்கவும் கணக்குப் போடவும் வருகிறதா என்று பார்க்க 2005-இல் பிரதம் அமைப்பு தொடங்கிய ஆய்வு அது. ஒரு கிராமத்தில் 20 வீடு. 5 வயதிலிருந்து 16 வயது வரை வீட்டில் யார் இருந்தாலும் ஒவ்வொருவராக உட்கார வைத்து, ஒரு தாளைக் காட்டிக் கேட்க வேண்டும். கணக்குத் தாளில் ஒற்றை இலக்க எண்கள், இரண்டு இலக்க எண்கள், கடன் வாங்கிக் கழித்தல், மூன்று இலக்க எண்ணை ஓர் இலக்கத்தால் வகுத்தல். அவ்வளவுதான். ஆரம்பம் கழித்தலில். வந்தால் வகுத்தலுக்கு ஏற வேண்டும், வராவிட்டால் எண்களுக்கு இறங்க வேண்டும். தாளில் உள்ள கழித்தல்களில் எதைப் போடுவது என்பதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கலாம். பரீட்சை என்ற ஒன்றில் பிள்ளைக்கு இப்படி ஓர் உரிமை இருப்பதை அன்றுதான் பார்த்தேன்.

தாள் சுலபம், கூட்டம்தான் தொல்லை. யாரோ பரீட்சை வைக்க வந்திருக்கிறார்கள் என்று தெரு முழுக்கத் தெரிந்துவிடும். "சொல்லுடா, நேத்துகூடச் சொன்னியே" என்பாள் ஆயா. எதிர்வீட்டு அண்ணன் சுவரில் சாய்ந்து நின்று வாயசைத்தே விடையைச் சொல்லிவிடுவான். நாங்கள் இருவர் இருவராகப் போவோம். என்கூட வந்தவள் கெட்டிக்காரி. வீட்டில் கரண்ட் இருக்கா, டிவி இருக்கா என்ற கேள்விகளையெல்லாம் உரத்த குரலில் கேட்டுக் கூட்டத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள். அந்தச் சந்தில் நான் பிள்ளையோடு மாட்டுக்கொட்டகைப் பக்கம் நகர்ந்துவிடுவேன்.

அங்கேதான் நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி 63-இல் 38-ஐக் கழித்து 25 என்று எழுதினாள். சரியான விடை. ஆனால் 6-ஐ அடித்து 5 போட்டதும் இல்லை, 3-க்குப் பக்கத்தில் ஒன்று போட்டதும் இல்லை. ஆசையாக இருந்தது. "எப்படிம்மா போட்டே?" என்றேன். என்னை ஒருமுறை பார்த்தாள். விரலை எச்சில் தொட்டு 25-ஐத் தேய்த்து அழித்தாள். அழித்த ஈரத்தின் மேலேயே 35 என்று எழுதினாள்.

அந்த 35 சும்மா வந்ததல்ல. 3-இல் 8 போகாது, அதனால் 8-இல் 3 போனால் 5; 6-இல் 3 போனால் 3. பெரியதிலிருந்து சிறியதை எடு என்ற விதியை வரிவரியாகக் கடைப்பிடித்த விடை. உலகம் முழுக்கப் பிள்ளைகள் இதைச் செய்கிறார்கள். பிரவுன், பர்ட்டன் என்ற இருவர் 1978-இல் கழித்தலில் வரும் இம்மாதிரித் தவறுகளைப் பட்டியல் போட்டு, குருட்டாம்போக்கில் வருபவை குறைவு, பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் ஓர் ஒழுங்கு இருக்கிறது என்று காட்டினார்கள்.

எப்படி என்று கேட்காமல் விடையை மட்டும் கேட்பது பழைய பழக்கம்தான். எங்கள் தாத்தா திண்ணைப் பள்ளிக்கூடத்தின் கடைசிக் காலத்து மாணவர். கால், அரைக்கால், மாகாணி என்று இறங்கி, 320-இல் ஒரு பங்கான முந்திரி வரைக்கும் மூச்சுவிடாமல் சொல்வார். அங்கே தினமும் தனித்தனிச் சோதனைதான். ஒவ்வொரு பையனும் சட்டாம்பிள்ளை என்ற மூத்த மாணவன் முன்னால் நின்று ஒப்பிக்க வேண்டும். சட்டாம்பிள்ளை காதைத் தீட்டிக்கொண்டு கேட்பான், ஆனால் எப்படி என்று கேட்க மாட்டான். தப்பினால் பிரம்பு. தாத்தா சந்தையில் நெல் விலையை மனசுக்குள்ளேயே போட்டுச் சொல்லிவிடுவார். தாளில் போடுங்கள் என்றால் சிரிப்பார்.

பிரேசிலில் ரெசிஃபி நகரத்துச் சந்தைப் பிள்ளைகளைப் பற்றிப் படித்தபோது தாத்தா ஞாபகம்தான் வந்தது. தெரெசின்யா நுனெஸும் அவருடைய சகாக்களும் 1985-இல் வெளியிட்ட ஆய்வு. 9 முதல் 15 வயது வரை ஐந்தே பிள்ளைகள். ஆய்வாளர்கள் கடைக்கு வந்தவர்களைப் போல நின்று விலை கேட்டார்கள். ஒரு தேங்காய் 35 குரூசேரோ, பத்துத் தேங்காய் என்ன விலை? பன்னிரண்டு வயதுப் பையன் மூன்று காய்க்கு 105 என்றான், இன்னொரு மூன்று சேர்த்து 210 என்றான், அப்படியே மேலே போய் 350-இல் நின்றான். பத்தால் பெருக்கப் பக்கத்தில் ஒரு பூஜ்யம் போட்டால் போதும் என்று பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுத்தது அவனுக்கு உதவவில்லை, தேவைப்படவும் இல்லை. சந்தையில் அந்தப் பிள்ளைகள் 98 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். அதே கணக்குகளைத் தாளில் வெறும் எண்ணாகக் கொடுத்தபோது 37 சதவீதம்.

இருந்தாலும் அந்த எச்சில் விரலுக்கு ரெசிஃபியில் விடை கிடைக்கவில்லை. அது எடின்பரோவில் இருந்தது. இரண்டு வரிசையில் சமமாக வில்லைகளை அடுக்கி, எது அதிகம் என்று கேட்பார் குழந்தை உளவியலாளர் பியாஜே. சமம் என்று சொன்ன பிள்ளை, ஒரு வரிசையைப் பரத்தி வைத்து மறுபடி கேட்டதும் நீளமானதைக் காட்டும். எண்ணிக்கை மாறாது என்பது பிள்ளைக்கு இன்னும் பிடிபடவில்லை என்றார் அவர். 1970-களில் எடின்பரோவில் மெக்காரிகில், மார்கரெட் டொனால்ட்சன் என்ற உளவியலாளர்கள் அந்தச் சோதனையில் சின்ன மாற்றம் செய்தார்கள். ஒரு குறும்புக் கரடிபொம்மை ஓடிவந்து வரிசையைக் கலைத்தது. இப்போது பெரும்பாலான பிள்ளைகள் சமம் என்றே சொன்னார்கள். பெரியவரே கையை வைத்து மாற்றிவிட்டு அதே கேள்வியை மறுபடி கேட்டால், வேறு பதிலைத்தான் எதிர்பார்க்கிறார் என்று பிள்ளை நினைக்கிறது. கேள்வி வில்லையைப் பற்றியதாக இருந்தாலும் பிள்ளை படிப்பது நம் முகத்தை.

2022-இல் என்.சி.இ.ஆர்.டி. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சுமார் 86,000 பேரை 20 மொழிகளில் அசர் போலவே தனித்தனியாக உட்கார வைத்துச் சோதித்தது. பெரிய வேலைதான். ஆனால் என்னைக் கேட்டால், வெளியிலிருந்து ஒருநாள் வருகிறவரிடம் பிள்ளை விடையைச் சொல்லும், வழியைச் சொல்லாது. வழியைச் சொல்ல வைக்கக் கொஞ்ச காலம் பிடிக்கும். என் வகுப்பில் பள்ளி திறந்ததும் சில வாரங்களுக்குச் சரியான விடைகளுக்கு மட்டும்தான் "எப்படி?" என்று கேட்பேன். தப்பு விடைக்கு வாயே திறப்பதில்லை. மற்ற பிள்ளைகள் மதியச் சாப்பாட்டுக்குத் தட்டு கழுவப் போகிற நேரத்தில், வருகைப்பதிவேட்டு வரிசைப்படி ஒரு பிள்ளை என்கூடத் தரையில் உட்காரும். நூற்றி ஐந்தை 1005 என்று எழுதும் பையன் காதால் கேட்டதை அப்படியே எழுதுகிறான் என்பதும், பதினைந்தும் எட்டும் கூட்டச் சொன்னால் ஒன்றிலிருந்து விரல் மடக்குகிறவள் இன்னும் பதினைந்திலிருந்து மேலே எண்ணப் பழகவில்லை என்பதும் அங்கேதான் தெரியும். முப்பது நோட்டை அடுக்கி வைத்துத் திருத்தும்போது இரண்டும் வெறும் பெருக்கல் குறிதான்.

போன வாரம் உட்கார்ந்தவளுடைய அம்மா பஸ் ஸ்டாண்டில் பெட்டிக்கடை வைத்திருக்கிறார். 52-இல் 27 போனால் என்றேன். "இருபத்தஞ்சு" என்றாள் உடனே. எப்படி என்றேன்.

"அம்பதுல இருபத்தேழு போனா இருபத்திமூணு. சில்லறை இருக்காது டீச்சர். அதான் ரெண்டு ரூபா கேட்டு வாங்கிட்டு இருபத்தஞ்சா குடுத்துருவோம்."

புத்தகம் பத்துகள் இடத்தில் போய்க் கடன் வாங்கச் சொல்கிறது. இவள் கடைக்கு வந்தவரிடமே இரண்டு ரூபாய் வாங்கி முடித்துவிட்டாள்.

"அப்ப 81-ல 46 போனா?"

முகத்தைச் சுளித்தாள். "எண்பத்தோரு ரூபா யாரு டீச்சர் குடுப்பா? அம்பத்தொண்ணு குடுத்தாலே போதுமே, அஞ்சு ரூபாதான மிச்சம்."