காலிக்குப் போன வழி

ஜிந்துப்பிட்டியில் குடியிருப்பவர்களுக்குக் கடல் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் கண்ணுக்குத் தெரியாது. தெருவால் இறங்கி நடந்தால் துறைமுக மதிலும், அதற்கு மேலால் எட்டிப் பார்க்கும் பாரந்தூக்கிகளும்தான் தெரியும். கப்பலின் ஊதல் வீட்டுக்குள் கேட்கும்; அலைச் சத்தம் கேட்காது. ஆகவே எங்கள் பிள்ளைகளுக்குக் கடல் என்றால் காலிமுகத்திடல். அதுவும் பெருநாள் பின்னேரத்தில், சனக்கூட்டத்துக்கு ஊடாக எட்டிப் பார்க்கும் கடல்.

வெசாக் விடுமுறை இரண்டு நாளும் சேர்ந்து வந்ததால் காலிக் கோட்டைக்குப் போவதென்று முடிவானது. ஒரு வேன், சிறியவர் பெரியவராகப் பன்னிரண்டு பேர். வெசாக் தினத்தில் இறைச்சிக் கடைகள் பூட்டு. ஹலால் சாப்பாட்டுக் கடைகளும் வழியில் திறந்திருக்குமோ என்று சொல்ல முடியாது. முதல் நாள் இரவே சோறு, கோழிப் பொரியல், அவித்த முட்டை, சீனிச்சம்பல், பாண் என்று கட்டியாகிவிட்டது.

வீட்டுக்காரர் அதிவேகப் பாதையால் போவோம் என்றார். 2011இல் அது திறந்ததிலிருந்து கொட்டாவையில் ஏறினால் ஒரு மணித்தியாலத்தில் காலி. மாமி சம்மதிக்கவில்லை. “அதால போனா கடல் எங்க மகன் தெரியப்போகுது? பழைய ரோட்டாலயே போவோம்” என்றார். வீட்டுக்காரர் ஒரு நிமிடம் பேசாமல் நின்றார். 2004ஆம் ஆண்டுக்குப் பிறகு மாமி அந்த வீதியால் போனதில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தாயார் கேட்டால் மறுக்கிற பழக்கம் அவரிடம் இல்லை. பிஸ்மில்லாஹ் சொல்லி சுபஹுக்குப் பின் புறப்பட்டோம்.

மொறட்டுவை தாண்டும்வரை வழமையான காலி வீதி, கடையும் கடையுமாக. பாணந்துறை கழிந்ததும் தென்னைகளுக்கு இடையில் கடல் விட்டு விட்டுத் தெரியத் தொடங்கியது. வாதுவைக்குக் கிட்ட நாலைந்து இளைஞர்கள் கொடியை ஆட்டி வேனை மறித்தார்கள். தன்சல்! வெசாக் காலத்தில் சிங்கள மக்கள் வழிப்போக்கர் எல்லோருக்கும் இனாமாக உணவு வழங்கும் தானசாலை. அவித்த மரவள்ளிக் கிழங்கும் தேங்காய்ச் சம்பலும். ஹிஜாப் அணிந்த பெண்கள் நிறைந்த வேன் என்று அவர்கள் தயங்கவுமில்லை, நாங்களும் தயங்கவில்லை. கிழங்குதானே! “அம்மாவுக்கு இன்னும் கொஞ்சம் போடு” என்று ஒரு பையன் சிங்களத்தில் சொல்லி மாமியின் தட்டை நிரப்பினான். எங்கள் கோழிப் பொரியலை அன்று காலை யாரும் தேடவில்லை.

அதற்குப் பிறகு வந்தது பெண்களுக்கு மட்டும் தெரிந்த பிரச்சினை. ஆண்கள் பயணத் திட்டம் போடும்போது மைல் கணக்கும் எண்ணெய்க் கணக்கும் பார்ப்பார்கள். மலசலகூடம் எங்கே, வுழூச் செய்ய இடம் எங்கே, பெண்கள் தொழ இடம் எங்கே என்று கேட்பதில்லை. களுத்துறையில் போதி விகாரைக்கு முன்னால் வாகனங்கள் வரிசையாக நின்றுவிட்டன. களு கங்கைப் பாலத்தைக் கடக்கவே முக்கால் மணித்தியாலம். சின்னவள் அழத் தொடங்கிவிட்டாள். “பேருவளையில சாச்சி வீட்டுக்குத் திருப்புங்கோ” என்று நான்தான் சொன்னேன். கரையோரத்தில் சொந்தக்காரர் வீடு ஒன்று இருப்பது எவ்வளவு பெரிய நிஃமத் என்பது பயணத்தில்தான் தெரியும்.

பத்து நிமிடம் என்று இறங்கிய வீட்டில் மூன்று மணித்தியாலம் போயிற்று. இடையில் சாச்சியின் மகன் எங்களைக் கெச்சிமலைக்குக் கூட்டிப்போனான். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கற்பாறை முனையில் வெள்ளை வெளேரென்று பள்ளிவாசல். அங்கேதான் அஷ்ரப் வலியுல்லாஹ்வின் அடக்கத்தலம். நின்று பார்த்தால் ஒரு பக்கம் மீன்பிடித் துறைமுகம், எதிரே தீவில் 1889இல் கட்டப்பட்ட வெளிச்சவீடு. தென்மேற்குப் பருவக்காற்றுத் தொடங்கும் காலம். அலை பாறையில் மோதி எங்கள் முகம்வரை தெறித்தது. ஊருக்குள் இருக்கும் மஸ்ஜிதுல் அப்ரார் ஆயிரம் வருடத்துக்கும் மேற்பட்டது என்று பேருவளை மக்கள் பெருமையாகச் சொல்வார்கள். அரபு வணிகர் பாய்க்கப்பலில் காற்றை நம்பி வந்த காலத்தில் கடல்தானே பெரிய வீதி. ஊரின் வாசல் கடற்கரையில் அமைந்ததில் புதுமை இல்லை. பிள்ளைகளுக்கு இதையெல்லாம் சொன்னேன். அவர்கள் நண்டு பிடிப்பதிலேயே கண்ணாக இருந்தார்கள்.

சாச்சி வீட்டிலேயே ளுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழுதோம். மார்க்கம் பயணிக்குத் தந்த இந்தச் சலுகையின் அருமை பெண்களுக்குத்தான் கூடத் தெரியும்.

அளுத்கமையைக் கடந்தபோது வேனுக்குள் பேச்சுக் குறைந்தது. 2014 ஜூனில் இங்கும் தர்கா நகரிலும் பேருவளையிலும் வீடுகளும் கடைகளும் எரிந்தன, உயிர்களும் போயின. காலையில் கிழங்கு தந்த பையனும் இதே காலி வீதியில்தான் இருக்கிறான். இரண்டையும் பிள்ளைகள் அறிந்திருக்கட்டும் என்று எண்ணி மூத்தவனுக்குச் சுருக்கமாகச் சொன்னேன்.

அம்பலாங்கொடை தாண்டி ஹிக்கடுவைக்கு முன்னால், பெரலியவில், “இதில நிற்பாட்டு மகன்” என்றார் மாமி.

மாமியின் தங்கை 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை ஏழு மணிக்குச் சற்று முன்பு கோட்டை நிலையத்தில் காலி செல்லும் ரயிலில் ஏறியவர். அன்றும் போயா விடுமுறை, ரயில் நிறையச் சனம். ஒன்பதரை மணியளவில் முதலாவது அலை வந்து ரயில் நின்றது. ரயில்தான் பாதுகாப்பு என்று ஊர்மக்களும் ஓடி வந்து ஏறினார்கள், பெட்டிகளுக்குப் பின்னால் ஒளிந்தார்கள். அடுத்து வந்த பெரிய அலை பெட்டிகளையே புரட்டிவிட்டது. தண்டவாளத்திலிருந்து கடல் இருநூறு மீற்றர் அளவுதான். மாண்டவர்கள் ஆயிரத்து எழுநூறுக்கு மேல் என்பார்கள். உலக ரயில் வரலாற்றிலேயே ஆகக் கூடிய உயிர்ச்சேதம் இதுதான். அடையாளம் காணப்படாத இருநூறுக்கு மேற்பட்ட உடல்கள் மூன்று நாட்களுக்குப் பின் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் பௌத்த கிரியைகளுடன் அடக்கப்பட்டன. மாமியின் தங்கை அவர்களில் ஒருவரா, கடலோடு போனவரா, அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். ஜனாஸாவை யாரும் காணவில்லை.

மாமி வீதியோரத்தில் கையேந்தி நின்றார். வழியில் போன பாதையோர வியாபாரி ஒருவர் சைக்கிளை நிறுத்தி, தொப்பியைக் கழற்றிவிட்டு, துஆ முடியும்வரை நின்றார். ஒரு ரயில் காலிப் பக்கமாகப் போயிற்று. அது போய் மறையும்வரை மாமி பார்த்திருந்தார். பிறகு வேனில் ஏறி, “வாங்கோ, பிள்ளைகளுக்குக் கோட்டையைக் காட்டவேணும்” என்றார். இத்தனை வருடமாக அந்த இடத்தை மாமிக்குக் காட்டக்கூடாதென்று நாங்கள்தான் தடுத்திருந்தோம். அவரைக் கேட்டதில்லை.

காலிக்குப் போய்ச் சேர நாலு மணி. கோட்டையை ஓட்டமாகத்தான் பார்த்தோம். ஒல்லாந்தர் பலப்படுத்திய மதில், 1939இல் எழுப்பிய வெளிச்சவீடு, அதற்கு எதிரே 1904இல் கட்டிய மீரான் ஜும்ஆப் பள்ளிவாசல். பள்ளிவாசலை வெளியிலிருந்து பார்த்த பிள்ளைகள் தேவாலயம் என்றே நினைத்தார்கள். கட்டட அமைப்பு அப்படி. 1892இல் தொடங்கிய பஹ்ஜத்துல் இப்றாஹீமிய்யா அரபுக் கல்லூரியும் இந்தக் கோட்டைக்குள்தான் பிறந்தது. காலியில் 1911இல் ஒரு கல்வெட்டுக் கிடைத்தது. 1409ஆம் ஆண்டு திகதியிட்டு, சீனத் தளபதி செங் ஹே கொண்டுவந்தது. அவர் பிறப்பால் முஸ்லிம். சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தேவேந்திரமுனையின் தெனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் இஸ்லாத்துக்கும் காணிக்கை பொறித்த கல். அதைப் பார்க்கக் காலிக்கு வரவேண்டியதில்லை. கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. அடுத்த விடுமுறைக்கு அங்கேதான், இன்ஷா அல்லாஹ்.

மஃரிபைக் கோட்டைக்குள் தெரிந்த வீடொன்றில் தொழுதுவிட்டு, வீட்டுக்காரரின் அதிவேகப் பாதையாலேயே திரும்பினோம். கொட்டாவைக்கு வர ஒரு மணித்தியாலம். அங்கிருந்து வெசாக் கூடு பார்க்கும் கூட்டத்துக்குள் ஊர்ந்து ஜிந்துப்பிட்டிக்கு வர இரண்டரை மணித்தியாலம். நடுநிசியில் கோழிப் பொரியலைத் திறந்தோம்.