மகேஸ்வரன்: ஒரு வியாபாரியின் கணக்கு



வியாபாரி அரசியலுக்கு வந்தால் இலாபம்தான் பார்ப்பான் என்று எங்கட ஊரில் ஒரு பேச்சு இருக்கு. யாழ்ப்பாண முஸ்லிம்கள் நாங்களும் கடை வைத்துப் பிழைத்த சமூகம். அதனால் இந்தப் பேச்சைக் கேட்டால் எங்களுக்குச் சுருக்கென்று இருக்கும். அப்போதெல்லாம் தியாகராஜா மகேஸ்வரனை நினைத்துக்கொள்வோம்.

காரைநகரில் பிறந்தவர். பாதை மூடி, மண்ணெண்ணெய்க்கும் சீனிக்கும் சனம் தவித்த யுத்த காலத்தில், கப்பலில் குடாநாட்டுக்குச் சரக்கு அனுப்பி வளர்ந்த வர்த்தகர். 2000இல் ஐக்கிய தேசியக் கட்சியில் கேட்டு யாழ். மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினரானார். 2001இல் மறுபடி வென்று இந்து சமய விவகார அமைச்சரானார். 2004இல் கொழும்பில் நின்றும் வென்றார்.

இதோடு நின்றிருந்தால் அந்தப் பேச்சு சரியென்றே விட்டிருப்போம். ஆனால் 2007 டிசம்பரில் வரவு செலவுத் திட்டத்துக்கு எதிராக வாக்களித்தார். அவருக்கிருந்த பாதுகாப்பு குறைக்கப்பட்டது. அப்படியிருந்தும், யாழ்ப்பாணத்தில் நடக்கும் ஆட்கடத்தல்கள் பற்றிப் பாராளுமன்றத்தில் வெளிப்படுத்துவேன் என்று தொலைக்காட்சியில் சொன்னார். 2008 ஜனவரி 1ஆம் திகதி, கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசுவரர் கோயிலில் வழிபடப் போன இடத்தில் சுட்டுக் கொன்றார்கள். சொல்ல நினைத்தது அவரோடு போயிற்று. மனைவி விஜயகலா 2010இல் யாழ்ப்பாணத்தில் நின்று பாராளுமன்றம் போனார்.

1990 ஒக்டோபரில் இரண்டு மணி நேர அவகாசத்தில் ஊரை விட்டு அனுப்பப்பட்டவர்கள் நாங்கள். தனக்காகப் பேச ஓர் ஆள் இல்லாதவரின் நிலை எங்களுக்குத் தெரியும். அதனால்தான் எந்தச் சமூகத்துப் பிள்ளை காணாமல் போனாலும் அதைப் பற்றி வாய் திறப்பவரை மதிக்கிறோம்.

அடுத்த தேர்தலில் வேட்பாளர் என்ன தொழில் செய்தார் என்பதோடு நிற்காதீர்கள். சனத்துக்கு ஆபத்து வந்த நேரம் பேசினாரா என்றும் கேளுங்கள்.