இன்னும் எத்தனை வருஷம் கட்டுவீங்க?

"அணியை மீளக் கட்டியெழுப்புறோம், கொஞ்சம் பொறுமையா இருங்க." இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டே நாங்க வளர்ந்துட்டோம். 2015 ஆகஸ்ட்ல சங்கக்கார டெஸ்ட்டிலிருந்து விடைபெற்றப்போ எங்கள்ல பாதிப் பேர் புலமைப்பரிசில் பரீட்சை எழுதுற வயசு. அதுக்குப் பிறகு ஓ.எல். முடிஞ்சது, ஏ.எல். முடிஞ்சது, சிலர் கொழும்புக்கு கடை வேலைக்குப் போய் திரும்பியும் வந்தாச்சு. இலங்கை கிரிக்கெட் அணி மட்டும் இன்னும் கட்டப்பட்டுக்கிட்டே இருக்கு.

தோட்டத்துல பாதியில நிக்கிற வீடுகளைப் பார்த்துப் பழகினவங்க நாங்க. அடிக்கல் நாட்டுவாங்க, மாலை போடுவாங்க, படம் எடுப்பாங்க. அத்திவாரத்துல புல்லு முளைக்கும். அதனால கட்டுற வேலைக்கும், 'கட்டுறோம்'னு சொல்ற பேச்சுக்கும் உள்ள வித்தியாசம் எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல. மீளக் கட்டப்படுற ஒரு அணிகிட்ட ரசிகர்கள் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக்கூடாது? இந்தக் கேள்வியைத்தான் நாங்க கொஞ்ச நாளா எங்களுக்குள்ள பேசிக்கிட்டிருக்கோம்.

முதல்ல, எங்க எதிர்பார்ப்பு ஏன் இவ்வளவு உயரத்துல இருக்குன்னு பார்க்கணும். 1996 மார்ச் 17, லாகூர். அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காம 107 எடுத்து அவுஸ்திரேலியாவைத் தோற்கடிச்ச கதையை எங்க அப்பாமார் இன்னும் நேத்து நடந்த மாதிரிதான் சொல்லுவாங்க. அதை நாங்க பார்க்கல. ஆனா 2007-க்கும் 2014-க்கும் இடையில இலங்கை ஐந்து உலகக் கிண்ண இறுதிப் போட்டிகளுக்குப் போச்சு: 2007, 2011 ஒருநாள், 2009, 2012, 2014 டி20. நாலு தோல்வி. கடைசியா மிர்பூர்ல இந்தியாவை வென்று கிண்ணம். அந்தக் காலத்துல கிரிக்கெட் பார்க்கப் பழகின பிள்ளைகளுக்கு, அரையிறுதிக்குப் போறது சாதனையே இல்ல, அது வழமை. எங்க அளவுகோலே அங்கதான் உருவாச்சு.

பிறகு ஒவ்வொருத்தரா போனாங்க. 2010-ல முரளி 800-வது விக்கெட்டோட டெஸ்டை முடிச்சார். மஹேல, சங்கக்கார, தில்ஷான், ஹேரத், மாலிங்க. அந்த இடங்களை யார் நிரப்புறதுன்னு திட்டம் ஒண்ணு இருந்த மாதிரி தெரியல. பயிற்றுநர்கள் மட்டும் மாறிக்கிட்டே இருந்தாங்க: கிரஹம் ஃபோர்ட், ஹத்துருசிங்க, மிக்கி ஆர்தர், சில்வர்வுட். ஒவ்வொருத்தரும் வந்து புது வரைபடம் போட்டாங்க. அந்த வரைபடத்துல செங்கல் வைக்கும் முன்னாடி அடுத்தவர் வந்துட்டார்.

2017 எல்லாத்திலயும் மோசம். ஹம்பாந்தோட்டையில வச்சு சிம்பாப்வே ஒருநாள் தொடரை 3–2ன்னு வென்றுட்டுப் போச்சு. அடுத்து வந்த இந்தியா டெஸ்ட், ஒருநாள், டி20 எல்லாம் சேர்த்து ஒன்பது மட்ச்சையும் வென்றது. அதுல ஒண்ணு ஆகஸ்ட் 27, பல்லேகலை. எங்க மலைக்குக் கிட்ட இருக்கிற ஒரே சர்வதேச மைதானம் அது. இந்தியா வெற்றிக்கு ரொம்பக் கிட்ட வந்த நேரத்துல ரசிகர்கள் தண்ணீர்ப் போத்தல்களை எறிய, ஆட்டம் அரை மணி நேரத்துக்கு மேல நின்னுச்சு. தோனி புல்லுலயே படுத்து ஒரு தூக்கம் போட்டார். அந்தப் படம் உலகம் முழுக்கப் போச்சு. 2021-ல இங்கிலாந்துல தோற்றப்போ ரசிகர்கள் போத்தலை விட்டுட்டு போனை எடுத்தாங்க. வீரர்களோட பேஸ்புக் பக்கங்களை அன்ஃபாலோ பண்ணுங்கன்னு ஒரு அலை.

போத்தல் எறியுறது பிழை. அதுல எங்களுக்கு ரெண்டு கருத்து இல்ல. ஆனா அந்தக் கோபம் எங்கிருந்து வருதுன்னு கேக்காம, 'ரசிகர்களுக்குப் பொறுமை இல்ல'ன்னு மட்டும் சொல்றதும் சரியில்ல. பொறுமையா இருக்கச் சொல்றவங்க, எதுக்காகப் பொறுக்கணும்னும் சொல்லணுமே?

இந்த இடத்துல அமெரிக்கன் ஃபுட்போலைக் கொஞ்சம் பார்க்கலாம். கையில பந்தைத் தூக்கிக்கிட்டு ஓடுற அந்த விளையாட்டோட விதிகள் எங்களுக்கு இன்னும் சரியா விளங்கல. ஆனா அங்க 'மீளக் கட்டுறோம்'னு ஒரு கழகம் சொன்னா அதுக்குப் பின்னால ஒரு பொறிமுறை இருக்கு. கடைசியா வந்த அணிக்குத்தான் அடுத்த வருஷம் பல்கலைக்கழகங்களிலிருந்து வர்ற புது வீரர்கள்ல முதல் ஆளைத் தேர்ந்தெடுக்கிற உரிமை. சம்பளத்துக்கும் எல்லாக் கழகத்துக்கும் ஒரே உச்சவரம்பு. கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் 2017 பருவத்துல 16 மட்ச்சும் தோத்தப்போ, ரசிகர்கள் கொட்டுற குளிர்ல மைதானத்தைச் சுத்தி 'பூரணமான பருவம்'னு கேலி ஊர்வலம் போனாங்க. அடுத்த தேர்வுல முதல் ஆள் அவங்களுக்குத்தான். டெட்ராய்ட் லயன்ஸும் 2008-ல 16-ம் தோத்த அணி. 2021-ல புதுப் பயிற்றுநர் வந்த முதல் பருவத்துல வெறும் மூணு வெற்றி. அவரை அனுப்பல. 2024 ஜனவரியில, 32 வருஷத்துக்குப் பிறகு முதல் பிளேஓஃப் வெற்றி. அழுத ரசிகர்களை வீடியோவுல பார்த்தோம். விளையாட்டு விளங்காட்டியும் அழுகை விளங்குச்சு.

ஐபிஎல்லும் அப்படித்தான். 2025-ல சென்னை சூப்பர் கிங்ஸ் முதல் தடவையா அட்டவணையில கடைசி இடத்துக்குப் போச்சு. எங்க லயத்துல சில வீடுகள்ல அன்னைக்குச் சோறு இறங்கல. ஆனா அடுத்த பருவத்துக்கு முன்னாடியே ஜடேஜாவைக் கொடுத்து சஞ்சு சாம்சனை எடுத்தாங்க. ஏலம் இருக்கு, ஆள் மாத்தலாம்.

ஒரு நாட்டு அணிக்கு அந்த வசதி கிடையாது. கடைசியா வந்தா யாரும் முதல் ஆளைத் தர மாட்டாங்க. நாட்டுக்குள்ள இருக்கிற பிள்ளைகள்லருந்துதான் ஆளை உருவாக்கணும். அப்படின்னா ஒரு நாட்டு அணியை மீளக் கட்டுறதுக்கு ஒரே அர்த்தம்தான்: இதுவரை தேடாத இடத்துல தேடுறது. இலங்கை கிரிக்கெட்டோட நல்ல காலங்களும் அப்படித்தான் வந்திருக்கு. மாத்தறையிலிருந்து சனத் ஜயசூரிய வந்தார். காலிக்குப் பக்கத்துல ரத்கமவிலிருந்து, யாரும் சொல்லிக்கொடுக்காத ஒரு கைவீச்சோட மாலிங்க வந்தார்.

எங்க பக்கம் வந்து தேடினா என்ன கிடைக்கும்? டிக்கோயாவுக்குப் பக்கத்துல டரவளை, நானுஓயாவுக்குப் பக்கத்துல ராதெல்ல. தேயிலைக்கு நடுவுல பச்சைக் கம்பளம் விரிச்ச மாதிரி ரெண்டு மைதானங்கள். வெள்ளைக்காரத் துரைமார் தங்களுக்காக உருவாக்கின கழகங்களோட மைதானங்கள். கிரிக்கெட் மலையகத்துக்கு வந்து நூறு வருஷத்துக்கு மேல ஆச்சுங்கிறதுக்கு அதுவே சாட்சி. எங்க ஆட்கள் அந்தப் புல்லை வெட்டினாங்க. நாங்க விளையாடினது ஸ்டோர் வாசல்லயும் பெரட்டுக் களத்துலயும்தான்.

எங்க விதிகளே வேற. பந்து கீழ்மலைப் பக்கம் போனா அவுட், ஏன்னா தேடிப் பிடிச்சு ஏறி வர அரை மணி நேரம். அதனால எங்க பசங்க எல்லாரும் மேல்மலைப் பக்கம் மட்டும் அடிக்கப் பழகினவங்க. பனிமூட்டம் இறங்கினா பந்துவீசுறவரே தெரிய மாட்டார், சத்தத்தை வச்சு அடிக்கணும். தைப்பொங்கலுக்கும் சித்திரைக்கும் மென்பந்து சுற்றுப்போட்டி நடக்கும். பக்கத்துத் தோட்டத்துலருந்து லொறியில ஆட்கள் வருவாங்க. ஆனா மென்பந்துலருந்து கடினபந்துக்குப் போற பாலம் எங்ககிட்ட இல்ல. தோட்டத்துப் பாடசாலைகள்ல பெரும்பாலானவற்றுல ஒழுங்கான ஆடுகளம் கிடையாது. ஒரு கடினபந்து மட்டை, பேட், கையுறை, தலைக்கவசம் எல்லாம் சேர்த்தா, அம்மாவோட கொழுந்துச் சம்பளத்துல எத்தனை நாள் பேருங்கிறதை நீங்களே கணக்குப் போட்டுக்கலாம்.

'அப்ப முரளி?'ன்னு கேப்பீங்க. எல்லாரும் கேப்பாங்க. முரளியோட தாத்தா தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர். அதனால அவர் எங்க ஆள். ஆனா முரளி கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில படிச்சு, கண்டியோட கிரிக்கெட் பாதையில ஏறி வந்தவர். அந்தப் பாதை பெரட்டுக் களத்துலருந்து தொடங்கல. ஒரு முரளியைக் காட்டி 'உங்களுக்கும் வழி இருக்குதானே'ன்னு சொல்றது, ஒரு ஆள் மலையேறிட்டார்ங்கிறதுக்காகப் பாதை போட்டாச்சுன்னு சொல்ற மாதிரி.

இன்னொரு விஷயமும் இருக்கு. அதைப் பேசாம இதை முடிக்க ஏலாது. "நீங்க எல்லாம் இந்தியாவுக்குத்தானே சப்போர்ட்?" பஸ்ஸுல, வேலை இடத்துல, ஹொஸ்டல்ல இந்தக் கேள்வியைக் கேக்காத மலையகப் பிள்ளை இருக்க மாட்டாங்க. உண்மையைச் சொன்னா எங்க வீடுகள்ல ரெண்டும் உண்டு. 2011 வான்கடே இறுதிப் போட்டியன்னைக்கு ஒரே இஸ்தோப்புல தாத்தா ஒரு பக்கம், பேரன் ஒரு பக்கம். 1948-ல குடியுரிமை பறிபோன குடும்பங்கள் நாங்க. நாடற்றவங்களா இருந்த மிச்சப் பேருக்கும் குடியுரிமை கொடுக்கிற சட்டம் 2003-லதான் வந்துச்சு. அந்தத் தாத்தா எந்த அணிக்குக் கைதட்டணும்னு யாரும் பரீட்சை வைக்க வேண்டாம். எங்க தலைமுறை நீல ஜெர்சி போடுறப்போ அது யாருக்கும் நிரூபிக்கிறதுக்காகப் போடுறதில்ல. இது எங்க அணி, அவ்வளவுதான். எங்க அணிங்கிறதாலதான் கேள்வியும் கேக்குறோம்.

நம்பிக்கை வர்ற நாட்களும் இருக்கு. 2019-ல டர்பன்ல குசல் பெரேரா ஆட்டமிழக்காம 153 எடுத்து, விஷ்வ பெர்னாண்டோவோட கடைசி விக்கெட்டுக்கு 78 சேர்த்து ஒரு விக்கெட்டால வென்றார். 2022-ல எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில நின்ன வருஷம், நம்ம நாட்டுல நடக்க வேண்டிய ஆசியக் கிண்ணம் துபாய்ப் பக்கம் போச்சு. அங்க போய் பாகிஸ்தானை வென்று கிண்ணத்தைக் கொண்டு வந்தாங்க. அடுத்த மாசமே நமீபியாகிட்ட தோல்வி. 2023-ல ஆசியக் கிண்ண இறுதியில 50 ஓட்டம், உலகக் கிண்ணத்துல வான்கடேயில 55 ஓட்டம். அந்த உலகக் கிண்ணத்துல ஒன்பதாவது இடம். 2025 சாம்பியன்ஸ் கிண்ணத்துக்குத் தகுதியே இல்ல. நவம்பர்ல ஐசிசி நம்ம கிரிக்கெட் சபையையே இடைநிறுத்தி, அடுத்த ஜனவரியிலதான் தடையை நீக்கினாங்க. பிறகு 2024-ல சனத் பயிற்றுநரானார்: 27 வருஷத்துக்குப் பிறகு இந்தியாவுக்கு எதிரா ஒருநாள் தொடர் வெற்றி, ஓவல்ல பெத்தும் நிசங்கவோட 127, பிராட்மன் மாதிரியே 13 இன்னிங்ஸ்ல ஆயிரம் ஓட்டம் தாண்டின கமிந்து மெண்டிஸ்.

அதே 2024 ஜூலையில, தம்புள்ளையில மகளிர் அணி இந்தியாவை வென்று ஆசியக் கிண்ணம் எடுத்தது. சமரி அத்தபத்து பத்து வருஷத்துக்கு மேல ஏறக்குறைய தனியாவே சுமந்த அணி. அவங்ககிட்ட யாரும் எதையும் எதிர்பார்க்கல, அதனால யாரும் போத்தலும் எறியல. எதிர்பார்ப்பே இல்லாம இருக்கிறது அன்பு இல்ல, அது கவனிக்காம விடுறது. எங்க தோட்டத்துல நல்லா பந்து வீசுற தங்கச்சிமார் இருக்காங்க. பத்தாம் வகுப்புக்குப் பிறகு அவங்க எங்க விளையாடுறதுன்னு கேட்டா, யாருகிட்டயும் பதில் இல்ல.

இவ்வளவும் பேசின பிறகு எங்க எதிர்பார்ப்பை நாங்க திருத்தி எழுதிக்கிட்டோம். கிண்ணம் உடனே வேண்டாம். தோக்குறது பரவாயில்ல. ஒரு இளம் வீரரை எடுத்தா, ரெண்டு மட்ச்சுல தூக்காம ஒரு பருவம் முழுக்க விடுங்க. அந்தக் காலத்துல அவரைத் திட்டாம இருக்கிறது எங்க பொறுப்பு. பயிற்றுநருக்கும் அதேதான். எந்த மாவட்டத்துல ஆள் தேடினீங்க, எத்தனை பாடசாலைக்குப் போனீங்க, எங்க ஆடுகளம் போட்டீங்கன்னு வருஷா வருஷம் சொல்லுங்க. மென்பந்து ஆடுற பிள்ளைகளுக்கு ஹட்டன்ல, தலவாக்கலையில, மஸ்கெலியாவுல ஒரு கடினபந்துப் பயிற்சி நிலையம் வரட்டும். இதுல எதுக்கும் உலகக் கிண்ணம் ஜெயிக்கத் தேவையில்ல.

காத்திருக்க எங்களுக்குத் தெரியும். ஆயிரம் ரூபா நாள் சம்பளத்தை வருஷக்கணக்கா கேட்டு, 2021-ல வாங்கின சனம் நாங்க. அந்த ஆயிரமும் சும்மா காத்திருந்து வரல. ரோட்டுல நின்னு கேட்டுத்தான் வந்துச்சு. அணிக்கும் அதே கணக்குதான்.

அடுத்த மட்ச்சுக்கும் உக்காருவோம். தோத்தா ஒரு மணி நேரம் திட்டுவோம், பிறகு பந்தைத் தூக்கிக்கிட்டு களத்துக்குப் போவோம். 'மீளக் கட்டுறோம்'னு அடுத்த தடவை யாராவது சொன்னா, "சரி, இந்த வருஷம் எந்த மலைக்கு வந்து ஆள் தேடினீங்க?"ன்னு கேப்போம். நீங்களும் கேளுங்க.