நியமனக் கடிதத்தில் ஒரு வரி

எங்கள் பகுதியில் வயதானவர்கள் இன்னும் கிராம உத்தியோகத்தரை 'விதானையார்' என்றுதான் சொல்கிறார்கள். அந்தப் பதவி 1963ஆம் ஆண்டிலேயே ஒழிந்து, கிராம சேவகர் வந்து, அதுவும் மாறிக் கிராம உத்தியோகத்தர் ஆகிவிட்டது. அரசாங்க அலுவலகத்து எழுதுவினைஞர் முகாமைத்துவ உதவியாளரானார். இப்போது முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர். மேசையும் கோப்பும் அப்படியே இருக்கப் பெயர் மட்டும் ஏன் மாறுகிறது என்று நான் யோசித்ததே இல்லை. எங்கள் ராத்தா வேலை மாற நினைத்த நாட்களில்தான், ஒரு பதவிப் பெயருக்காக வீட்டில் இரண்டு வாரம் சாப்பாடு கூட ஒழுங்காக இறங்காது என்பதைக் கண்டேன்.

ராத்தா ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் படித்துப் பட்டம் பெற்றவர். கல்முனையில் ஒரு தனியார் நிறுவனக் கிளையில் ஐந்து வருடம் வேலை செய்தார். நியமனக் கடிதத்தில் இருந்த பெயர் 'கணக்கு உதவியாளர்'. முதல் வருடம் அது பொருத்தமான பெயர்தான். பற்றுச்சீட்டுகளை அடுக்குவதும் சில்லறைக் காசேட்டை எழுதுவதுமே வேலை. பிறகு அங்கிருந்த கணக்காளர் விலகிப் போனார். அந்த இடத்துக்கு ஒருவரும் வரவில்லை. வங்கிக் கணக்கிணக்கக் கூற்று, ஊழியர் சேமலாப நிதிப் படிவங்கள், பெறுமதி சேர் வரி, வருட முடிவில் கணக்காய்வாளரின் கேள்விகள் என்று எல்லாம் ராத்தாவின் மேசைக்கு வந்து சேர்ந்தன. பெயர் மட்டும் வரவில்லை. கேட்டபோதெல்லாம் "அடுத்த வருசம் பாப்பம்" என்றார்கள்.

அப்போதுதான் மட்டக்களப்பில் வேறொரு நிறுவனத்தின் நேர்முகப் பரீட்சைக்குப் போய்த் தெரிவானார். மின்னஞ்சலில் வந்த சம்பளத்தைப் பார்த்து வாப்பா சந்தோசப்பட்டார். ராத்தா சம்பளத்துக்கு மேலே இருந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கும் 'கணக்கு உதவியாளர்' தான்.

"சம்பளம் கூடத்தானே மகள் தாறாங்க. பேருக்கு என்னத்துக்கு நிக்கிறீங்க? சேமலாப நிதியில பேரப் பாத்தா காசு போடுறாங்க?" என்று வாப்பா கேட்டார். அது நியாயமான கேள்வி. பதவி எதுவானாலும் ஊழியரிடமிருந்து 8 வீதம், தொழில் தருநரிடமிருந்து 12 வீதம், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு இன்னும் 3 வீதம், கணக்கு மாறாது. உம்மாவின் பயம் வேறு. "கூடக் கேட்டா இதையும் தராம உட்டுருவாங்க."

ராத்தா ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் வேலைவாய்ப்புப் பக்கத்தை விரித்து வைத்தார். 'உதவிக் கணக்காளராக மூன்று வருட அனுபவம்' என்று ஒரு விளம்பரம் கேட்டிருந்தது. "நான் என்ன செஞ்சன் எண்டு இவங்க பாக்க மாட்டாங்க உம்மா. கடுதாசியில என்ன பேர் இரிக்கி எண்டுதான் பாப்பாங்க. இப்பவும் உதவியாளரெண்டு போனா, இன்னம் அஞ்சு வருசத்துக்கும் உதவியாளர்தான்."

நான் வர்த்தகப் பிரிவு மாணவி. நன்மதிப்பைப் பற்றி எங்கள் ஆசிரியை சொன்னது அப்போது ஞாபகம் வந்தது. ஒரு வியாபாரம் தானாக வளர்த்துக்கொண்ட நன்மதிப்பை அது தன் ஏட்டில் சொத்தாகக் காட்ட முடியாது. இன்னொருவர் அந்த வியாபாரத்தை விலை கொடுத்து வாங்கும்போதுதான் அது ஏட்டுக்கு வரும். ராத்தாவின் ஐந்து வருடமும் அப்படித்தான் என்று எனக்குப் பட்டது. பழைய இடத்தில் எந்த ஏட்டிலும் இல்லாத அதற்கு, புதிதாக எடுப்பவர்தான் பெயர் கொடுக்க முடியும். கையொப்பமிட்ட பிறகு அவர்களுக்கும் அந்த அவசரம் இருக்காது.

ராத்தா எழுதிய மின்னஞ்சலை எனக்கும் வாசிக்கத் தந்தார். 'எனக்கு உயர்ந்த பதவி வேண்டும்' என்று அதில் ஓரிடத்திலும் இல்லை. முதலில் நன்றி. பிறகு, அவர்கள் அனுப்பிய கடமைப் பட்டியலிலிருந்தே ஐந்து வேலைகளை எடுத்து, ஒவ்வொன்றையும் தான் எத்தனை வருடமாகத் தனியே செய்கிறேன் என்று பக்கத்தில் எழுதியிருந்தார். கடைசியில் ஒரு கேள்வி: இந்தப் பணிகள் உங்கள் நிறுவனத்தில் எந்தப் பதவிநிலைக்கு உரியவை? எங்கள் வீட்டில் இவ்வளவு மரியாதையாகச் சண்டை பிடிக்கக்கூடிய ஒருவர் இருப்பது எனக்குப் புதுச் செய்தி.

நான்கு நாட்கள் பதில் இல்லை. அந்த நான்கு நாளும் உம்மா வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை, பார்வையே போதுமாயிருந்தது. பிறகு தொலைபேசி வந்தது. 'கணக்கு நிறைவேற்று உத்தியோகத்தர்' என்று போடலாமாம். கேட்கப் பெரிய பெயர். ஆனால் அங்கே அந்தத் தரத்தாருக்கு மேலதிக நேரக் கொடுப்பனவு இல்லை. 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி வாரத்துக்கு 45 மணித்தியாலம். அதற்கு மேல் ஒன்றரை மடங்கு. கணக்கு முடிக்கும் மாதங்களில் இரவாகும் என்பது ராத்தாவுக்குத் தெரியும். கொப்பியில் கூட்டிப் பார்த்துவிட்டு அந்தப் பெயரை வேண்டாம் என்றார். எனக்கு அது பிடித்திருந்தது. மூன்று பேர் வேலை செய்யும் கடையில் மூன்று பேருமே மனேஜராக இருப்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம்தானே.

'உதவிக் கணக்காளர்' பதவிக்கு மேலதிக நேரக் கொடுப்பனவு உண்டு. ஆனால் ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடிந்த பிறகு தருவோம், நம்புங்கள் என்றார்கள். ராத்தா, அதையே கடிதத்தில் எழுதித் தர முடியுமா என்று கேட்டார். இந்த இடத்தில் நான் எதிர்பாராதபடி வாப்பா ராத்தாவின் பக்கம் வந்தார். வாப்பாவுக்குச் சின்னப் பலசரக்குக் கடை. "நானும் ஆக்கள நம்பித்தான் கடன் குடுக்கன். கொப்பியில எழுதாமக் குடுக்கிறல்ல" என்றார். கடனை எழுதிக்கொள்ளச் சொல்லும் வசனம்தான் அல்குர்ஆனிலேயே நீளமானது என்பதையும் அவரே ஞாபகப்படுத்தினார். நியமனக் கடிதத்தில் பதவிப் பெயர் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அப்படியிருக்க, வரப்போகும் பெயரை எழுதித் தரச் சொல்வதில் என்ன வெட்கம்?

கடிதம் வந்தது. இரண்டாம் பந்தியில் ஒரு வரி: தகுதிகாண் காலத்தைத் திருப்திகரமாக முடித்தால், அத்திகதி முதல் உதவிக் கணக்காளர். 'திருப்திகரமாக' என்ற சொல்லை யார் அளப்பது என்று ராத்தா மறுபடி கேட்டார். மாதாந்தக் கணக்கை அடுத்த மாதம் 10ஆம் திகதிக்குள் முடிப்பதே அளவு என்று மின்னஞ்சலில் பதில் வந்தது.

சென்ற பெருநாளைக்கு வந்த மாமி ஒருவர், "மகள் இப்பவும் கிளாக் வேலதானா?" என்று கேட்டார். உம்மா, "இல்ல, கணக்காளர்" என்று சொல்லிவிட்டார். "இன்னும் இல்லம்மா" என்று ராத்தா உடனே திருத்தினார். ஆறு மாதத்தில் இன்னும் இரண்டு மாதம் மீதி இருக்கிறது. காலையில் மட்டக்களப்பு பஸ்ஸுக்கு ஓடுகிறார். இதுவரை நான்கு மாதக் கணக்கும் 10ஆம் திகதிக்கு முன்னரே போய்விட்டது. அந்தக் கடிதத்துக்கு வாப்பா மூன்று போட்டோப் பிரதி எடுத்து, ஒன்றைக் கடன் கொப்பிக்குள் வைத்திருக்கிறார்.