அந்தப் பிள்ளையின் கையில் பிழையில்லை

 

வலய மட்டப் பேஸ்போல் போட்டியில் எங்கள் பிள்ளைகள் தோற்ற கதை இன்னும் ஓயவில்லை. "கெட்ச்சராக நின்ற பெடியனுக்குக் கையில பலமில்லை, இரண்டாம் பேசுக்கு ஒரு எறியும் போய்ச் சேரேல்லை" என்று கடைகளிலும் பேசுகிறார்கள். அன்றைக்கு மைதான ஓரத்தில் நின்று நாங்களும் அவனை ஏசினோம். பிழை அவனுடையதல்ல. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

எங்கள் பக்கம் எல்லே தெரியாதவர்கள் இல்லை. தடி, ரெனிஸ் பந்து, ஓடிப்போய் நிற்க நாலு இடம். ஒழுங்கையில் விளையாடும்போது அளவு முன்னே பின்னே போனாலும் யாரும் கேட்பதில்லை. பேஸ்போலுக்கு எல்லாமே அளவு. ஹோம் பிளேட்டில் இருந்து முதலாம் பேசுக்கு 90 அடி, அங்கிருந்து இரண்டாம் பேசுக்கு 90, பிறகு மூன்றாவதற்கு 90, திரும்ப ஹோமுக்கு 90. வேலிக்கு நேராக ஒரு கோடும் வகுப்பறைக் கட்டடத்துக்கு நேராக ஒரு கோடும் இழுத்து, நாலு பக்கத்தையும் டேப்பால் அளந்து சுண்ணாம்பு போட்டோம். இரண்டு மாதம் அதில்தான் பயிற்சி.

தோற்று வந்த பிறகு, மதில் கட்ட வந்த மேசன் ஒருவர் (எங்கள் மாணவி ஒருத்தியின் வாப்பா) கோடுகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். "மூலைக்கு மூலை பிடிச்சுப் பார்த்தனீங்களோ சேர்? வீட்டுக்கு நூல் கட்டேக்க நாங்கள் அப்பிடித்தான் பார்க்கிறது" என்றார்.

கயிறு பிடித்தோம். ஹோமில் இருந்து இரண்டாம் பேசுக்கு 118 அடி. முதலாம் பேசில் இருந்து மூன்றாம் பேசுக்கு 136 அடி! நாங்கள் கீறியது சதுரமே அல்ல, சாய்சதுரம். நாலு பக்கமும் சமன் என்றால் மட்டும் சதுரமாகாது என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிறவர்கள் நாங்கள்தான். ஹோம் மூலை 90 பாகைக்குப் பதிலாக 98 பாகையில் விரிந்து கிடந்தது. கண்ணுக்குத் தெரியவே இல்லை.

90 அடிச் சதுரத்தின் மூலைவிட்டம் பைதகரசின் தேற்றப்படி 16,200இன் வர்க்கமூலம். விதிப்புத்தகம் 127 அடி 3⅜ அங்குலம் என்கிறது. ஆக, அந்தப் பிள்ளையின் கை இரண்டு மாதமாக 9 அடி குறைந்த தூரத்துக்குப் பழகியிருந்தது. போட்டியில் அவன் எறிந்த பந்தெல்லாம் இரண்டாம் பேசுக்கு முன்னாலேயே தரை தட்டியதன் காரணம் அதுதான். அவன் எங்கள் மைதானத்துக்குச் சரியாகவே எறிந்தான்.

கண்டுபிடிக்க இன்னொரு வழியும் இருந்தது. பந்து வீசுபவரின் பலகை ஹோமில் இருந்து 60 அடி 6 அங்குலம். சரியான மைதானத்தில் அது முதலாம், மூன்றாம் பேசுகளை இணைக்கும் கோட்டுக்கு 3 அடி முன்னால், ஹோம் பக்கமாக நிற்கும். எங்களுடையதில் கோட்டுக்குப் பின்னால் ஒன்றரை அடி தள்ளி நின்றது. தினமும் பார்த்தோம், ஒருவரும் கேட்கவில்லை.

விளையாட்டின் பழைய விதியைத் தேடி வாசித்தபோது இன்னும் வெட்கமாகப் போயிற்று. 1845இல் நியூயோர்க்கில் நிக்கர்பொக்கர் கழகத்தார் எழுதிய விதியில் பக்க அளவே இல்லை. ஹோமில் இருந்து இரண்டாம் பேசுக்கு 42 எட்டு, முதலாவதில் இருந்து மூன்றாவதற்கு 42 எட்டு. இரண்டு மூலைவிட்டமும் சமன், அவ்வளவுதான். மேசன் சொன்னதும் அதுவே. 90 அடி 1857இல்தான் வந்தது. இன்றைய விதிப்புத்தகமும் முதலில் இரண்டாம் பேசை அளந்து குறித்துவிட்டு, இரு முனையிலும் இருந்து 90 அடி பிடித்து மற்ற இரண்டையும் கண்டுபிடிக்கச் சொல்கிறது. நாங்கள் 90ஐ மட்டும் வாசித்தோம்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். எங்கள் டேப் 30 மீற்றர், அதாவது 98 அடி. பக்கத்துக்கு எட்டியது, மூலைவிட்டத்துக்கு எட்டாது. எட்டாததை அளக்காமல் விட்டோம்.

பிள்ளையிடமும் அவனுடைய உம்மாவிடமும் நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டோம். கடையில் பேசியவர்களும் ஒரு சொல் சொன்னால் நல்லது. அவன் பயிற்சிக்கு வருவதை நிறுத்தி மூன்று வாரமாகிறது.

இன்ஷா அல்லாஹ், சனிக்கிழமை காலை 8 மணிக்குப் புதிதாகக் கோடு போடுகிறோம். மேசனும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். 50 மீற்றர் டேப் வைத்திருப்பவர்கள் ஒரு நாளைக்குத் தந்துதவுங்கள்.