ஆட்டத்திற்கு யாரை அழைப்பது?

ஆடும் பலகையைத் தேடிப் பெறுவது எளிது. எதிரே அமரத்தக்க ஆளைத் தேடிப் பெறுவதே அரிது. சதுரங்கத்திற்குப் பொருந்தாதவர் வந்து அமர்ந்தால் ஒரு மாலைப்பொழுது வீணாகும், அவ்வளவே. ஆனால், உறவையே பொருளாகக் கொண்ட ஆட்டங்கள் சில இருக்கின்றன. கணவன் மனைவியர், பெற்றோர் பிள்ளைகள், உடன்பிறந்தார் ஆகியோர் ஒருவர் மனத்தை ஒருவர் அறிவதற்கென்றே அமைந்தவை அவை. அங்கே பொருந்தாதவர் ஒருவர் அமர்ந்துவிட்டால் ஒரு குடும்பமே கலங்கிப்போகும். ஏட்டில் படித்து இதனைச் சொல்லவில்லை. கண்ணால் கண்டே சொல்கிறேன்.

இவ்வகை ஆட்டங்களுள் புகழ்பெற்ற ஒன்று பிறந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ரியா சாக்கிச் என்னும் பெண்மணிக்குக் குரல்வளையில் நோய் கண்டது. பல மாதங்கள் வாய்திறந்து பேசலாகாது என்று ஆயிற்று. பேச முடியாத அந்நாட்களில்தான், ஒரே கூரையின்கீழ் வாழும் கணவரையும் பிள்ளைகளையும் தாம் எவ்வளவு குறைவாக அறிந்திருக்கிறோம் என்பது அவருக்குப் புலப்பட்டது. கேட்க விரும்பிய கேள்விகளைச் சிறு அட்டைகளில் எழுதினார், அவ்வட்டைகளே ஆட்டமாயின. 1970-களின் தொடக்கத்தில் ‘அன்கேம்’ என்னும் பெயரில் அது வெளிவந்தது. ‘ஆட்டமல்லாத ஆட்டம்’ என்று பொருள் கொள்ளலாம். அதில் வென்றவரும் இல்லை, தோற்றவரும் இல்லை. ஒருவர் விடை சொல்லும்போது மற்றவர் குறுக்கே பேசலாகாது என்பதே அதன் தலையாய விதி. இன்று கடைகளில் விற்கும் கேள்விச் சீட்டுக் கட்டுகள் பலவும் இதே போக்கில் அமைந்தவையே.

அத்தகைய கட்டொன்று எங்கள் கும்மிடிப்பூண்டிக்கும் வந்து சேர்ந்தது. இங்குள்ள சிப்காட், திருவள்ளூரை அடுத்த காக்களூர் ஆகிய தொழிற்பேட்டைகளை நம்பிக் குடியேறியோர் மிகப் பலர். தென்மாவட்டங்களிலிருந்து வந்தோரும், பீகார், ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்து வந்தோரும் ஒரே தெருவில் வாழ்கின்றனர். இரும்பாலைகள் இரவிலும் உறங்குவதில்லை. ஒரு வாரம் பகல் ஷிப்டு. மறு வாரம் இரவு ஷிப்டு. சொந்த ஊரில் தெருவெல்லாம் மாமியும் ராத்தாவுமாக இருந்த பெண்ணுக்கு, இங்கே அடுத்த வீட்டுக்காரரின் பெயர் தெரிவதற்கே ஆறு மாதம் ஆகிறது.

தெற்கிலிருந்து வந்த இளந்தம்பதியர் ஒருவர் வீட்டில் நடந்தது இது. மனைவிக்கு அவளுடைய காக்கா வெளிநாட்டிலிருந்து அனுப்பியது அந்தச் சீட்டுக்கட்டு. ஒரு ஞாயிறன்று பழக்கமானவர்களையெல்லாம் அழைத்து அமர்ந்தார்கள். ‘எந்த நேரத்தில் தனிமையை மிகுதியாக உணர்கிறீர்கள்?’ என்ற சீட்டு அவள் கைக்கு வந்தது. “அவங்க எதிரே உக்காந்து சாப்பிடும்போது” என்றாள். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். மூன்றே நாளில் அந்தச் சொல் தொலைபேசி வழியாகத் தெற்கே மாமியாரின் காதுக்குப் போயிற்று. போகும் வழியில் அது, ‘அவரோடு வாழப் பிடிக்கவில்லை’ என்று உருமாறிவிட்டது. மாமியார் அழுதார். பெண்ணின் வாப்பா, மகளை அழைத்துப் போகவே ரயிலேறி வந்துவிட்டார்.

எல்லாரும் என்னிடம் வந்தார்கள். “ஹஜ்ரத், இந்த ஆட்டம் மார்க்கத்தில் ஆகுமா? முதலில் அதைச் சொல்லுங்கள்” என்றார் வாப்பா. பகடையை நம்பிய ஆட்டத்தை ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞர்களுள் பெரும்பாலோர் தடுத்திருக்கின்றனர். பந்தயமின்றிச் சிந்தனையால் ஆடும் சதுரங்கத்தையோ, விரும்பத்தகாதது என்ற அளவில் நிறுத்தினர். இங்கே பகடையும் இல்லை, பந்தயமும் இல்லை, சீட்டின்மீது குற்றம் சொல்ல எனக்கு வழியில்லை. “ஆனால், சபையில் பேசிய பேச்சு அமானிதம் என்பது நமக்குப் போதிக்கப்பட்டிருக்கிறதே, அதை வெளியே எடுத்துச் சென்றவரை அல்லவா நீங்கள் விசாரிக்க வேண்டும்?” என்றேன்.

அதுவரை தலைகுனிந்திருந்த மாப்பிள்ளை வாய்திறந்தார். “அவ சொன்னது உண்மைதான் ஹஜ்ரத். நைட் ஷிப்டு முடிஞ்சு வந்து சாப்பிடும்போது நான் தட்டைத்தான் பாக்கறேன். அவ முகத்தைப் பாக்கறதில்லை” என்றார். அவள் சொன்னது குறையன்று, ஏக்கம் என்பது அப்போதுதான் பெரியவருக்கு விளங்கிற்று. கேள்வி சரியானது, விடையும் சரியானது, கேட்டிருந்த செவிகளே சரியில்லை.

அரபு மொழியில் உடனமர்ந்து அளவளாவும் தோழரை ‘நதீம்’ என்பார்கள். வருந்துதலைக் குறிக்கும் ‘நதாமத்’ என்னும் சொல்லும் அதே வேர் எழுத்துகளில் பிறந்ததே. மாணவர்களுக்கு இவ்வேரைக் கற்பிக்கும்போதெல்லாம், நதீமைத் தேர்வதில் தவறினால் மிஞ்சுவது நதாமத்தே என்று சொல்லிவைப்பது என் வழக்கம். அப்பாசிய கலீஃபாக்களின் சபையில் நதீமாக விளங்கிய அஸ்ஸூலி, பத்தாம் நூற்றாண்டின் ஈடிணையற்ற சதுரங்க வல்லுநர். அவர் கலீஃபா முக்தஃபியின் முன்னிலையில் மாவர்தி என்பவருடன் ஆடியபோது, கலீஃபா வெளிப்படையாகவே மாவர்தியின் பக்கம் நின்று ஊக்கினாராம். அதனால் அஸ்ஸூலியே முதலில் தடுமாறிப் பின்னரே தேறி வென்றார் என்று வரலாற்றாசிரியர் மஸ்ஊதி எழுதியிருக்கிறார். சார்பு கொண்ட சபை அத்தகைய வல்லுநரையே தடுமாறச் செய்யுமானால், மனத்தைத் திறந்து வைக்கும் ஒரு பேதைப் பெண்ணின் நிலை என்னாகும்?

நம் தாய்மார்கள் இதனை அறிந்திருந்தார்கள். பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழிகள் கொண்ட பல்லாங்குழியை அவர்கள் எவரோடும் ஆடிவிடவில்லை. புளியங்கொட்டையும் சோழியும் குழிக்குக் குழி நகர, மனத்திலுள்ளதும் மெல்ல நகர்ந்து வெளிவரும். ஆகவே எதிரே அமர்பவள் நம்பத்தக்கவளா என்று பார்த்தே அமர்ந்தார்கள். காய்களை இழந்தவள் எஞ்சியவற்றைக் குழிக்கு ஒன்றாக இட்டு ஆடுவதைக் ‘கஞ்சி காய்ச்சுதல்’ என்பார்கள். வறுமையுற்றவளை எழுப்பி விரட்டிவிடாமல், கஞ்சியேனும் காய்ச்சி உடனிருக்க இடங்கொடுத்த ஆட்டம் அது. வள்ளுவரும் நட்பைப் போற்றி ஓர் அதிகாரம் வைத்த கையோடு, அடுத்து ‘நட்பாராய்தல்’ என்று 80-ஆம் அதிகாரத்தை வைத்தார். ஆராய்ந்த பின்னரே நட்பு என்பது அவர் கருத்து.

அந்தத் தம்பதியருக்கு நான் மூன்று அடையாளங்களைச் சொன்னேன். பிறர் வீட்டுச் செய்தியை உங்களிடம் கொண்டுவருபவரை அழைக்காதீர்கள். உங்கள் செய்தியையும் அவர் பிறரிடம் கொண்டுபோவார். விடையைக் கேட்டுச் சிரிப்பவரை அழைக்காதீர்கள். தம் முறை வரும்போது தாமும் மெய் பேசத் துணிபவரை மட்டும் அழையுங்கள். பிறர் மனத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தம் கதவை அடைத்துக்கொள்பவர் விளையாட வந்தவரல்லர், வேவு பார்க்க வந்தவர்.

வாப்பா இரண்டு நாள் தங்கிவிட்டுத் தனியாகவே ஊர் திரும்பினார். பின்னர் அத்தம்பதியர் தேடிக் கண்டவர் உறவினரும் அல்லர், ஊர்க்காரரும் அல்லர். எதிர்வீட்டில் தனியே வாழும், தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட மூதாட்டி அவர். சீட்டை அந்தப் பெண் படித்துச் சொல்ல, தம் மறைந்த கணவரைப் பற்றி அவர் கொச்சைத் தமிழில் சொன்ன ஒரு விடையைக் கேட்டு மூவரும் நெடுநேரம் பேசாமல் அமர்ந்திருந்தார்களாம். அந்த விடை என்ன என்று நான் கேட்டேன். “அது அங்க பேசினது, ஹஜ்ரத்” என்று சொல்லிப் புன்னகைத்தாள் அந்தப் பெண்.